ஈஜியன் கடலில் ஆடிக்காற்று

ஆகஸ்ட் 4, ஏதென்ஸ்

ஆகஸ்ட் மாதப் பிற்பகலில் ஏதென்ஸ் தெருக்களில் இரண்டு வகையினர்தான் தென்படுகிறார்கள்: சுற்றுலாப் பயணிகள், பூனைகள். பூனைகளாவது நிழல் பார்த்துப் படுத்திருக்கின்றன. 2023 ஜூலையிலும் 2024 ஜூனிலும் வெயில் தாங்காமல் அக்ரோபோலிஸையே நண்பகல் நேரங்களில் மூடிவைத்தார்கள் என்றால் இந்த ஊர் வெயிலின் தரத்தை ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் அக்கா விடவில்லை. பணி ஓய்வு பெற்ற புவியியல் ஆசிரியை அவள். "மத்திய தரைக்கடல் காலநிலை: கோடையில் வறட்சி, குளிர்காலத்தில் மழை" என்று எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள். அந்த ஒற்றை வரியை நேரில் பார்த்தே தீருவேன் என்று கிளம்பியவளுக்குத் துணையாக வந்திருக்கிறேன். மற்றவர்கள் கிரேக்கத் தீவுகளுக்கு நீலக் குவிமாடங்களைப் பார்க்கப் போவார்கள். நாங்கள் போவது காற்றைப் பார்க்க.

தீவுக்குப் போகும் முன் பார்க்க வேண்டியது என்று அவள் குறித்து வைத்திருந்தது, பழைய ரோமானியச் சந்தைத் திடலில் நிற்கும் காற்றுக் கோபுரம். ஆண்ட்ரோனிகோஸ் என்ற வானியல் வல்லுநர் எழுப்பியது; வயது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல். வெண் பளிங்கு, எட்டுப் பக்கம். உள்ளே தண்ணீரால் ஓடும் கடிகாரம் இருந்திருக்கிறது. வெளிச்சுவரில் சூரியக் கடிகாரக் கோடுகள் இன்னும் தெரிகின்றன. உச்சியில் ஒரு பக்கத்துக்கு ஒன்றாக எட்டுக் காற்றுகள், சிறகு முளைத்த ஆண்களாகப் பறக்கின்றன. வடக்கே போரியாஸ், தடித்த மேலங்கியோடு சங்கு ஊதுகிறான். தெற்கே நோட்டஸ், குடத்தைக் கவிழ்த்து நீர் ஊற்றுகிறான். மேற்கே செஃபிரஸ் மடி நிறையப் பூ வைத்திருக்கிறான். வடகிழக்குக்காரன் கையில் கேடயம் நிறைய ஆலங்கட்டி.

"இதுவே ஒரு பாடப்புத்தகம். தெற்கிலிருந்து வருகிறவன்தான் குடத்தோடு வருகிறான், கவனித்தாயா? இங்கே மழை அவன் பொறுப்பு. ஆனால் அவன் குளிர்காலத்தில்தான் வேலைக்கு வருவான். இப்போது நடப்பது வடக்கத்தியான் ஆட்சி" என்றாள் அக்கா.

நான் தண்ணீர்ப் பாட்டில் வாங்கப் போனேன்.

ஆகஸ்ட் 5, கப்பலில்

பிரேயஸ் துறைமுகத்தில் காலை ஆறரைக்கே திருவிழாக் கூட்டம். பதினைந்தாம் தேதி மாதா திருநாள். அதற்குச் சொந்த ஊர் போகிறவர்களும் நாங்களுமாக. நக்ஸோஸ் தீவுக்கு வேகப்படகில் மூன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். பெரிய கப்பல் என்றால் ஐந்து மணி நேரத்துக்கு மேல். அக்கா பெரிய கப்பலுக்குத்தான் டிக்கெட் எடுக்கச் சொன்னாள். காற்று எழும்பினால் முதலில் நிற்பது வேகப்படகு; கடைசியில் நிற்பது பெரிய கப்பல்.

முதல் ஒன்றரை மணி நேரம் கடல் எண்ணெய் போலக் கிடந்தது. அத்திகா நிலப்பகுதியின் மறைவில் போகும் வரை அப்படித்தான். சூனியோன் முனையின் பொசைடன் கோயில் தூண்கள் இடப்புறம் கடந்த பிறகு யாரோ கதவைத் திறந்துவிட்டார்கள். மேல்தளத்தில் ஒருவருடைய தொப்பி முதலில் போனது, பிறகு ஒரு காப்பிக் கோப்பை, பிறகு ஒரு செய்தித்தாள் முழுவதும் பக்கம் பக்கமாக. கடல் முழுக்க வெள்ளை நுரை. வானத்தில் மட்டும் மருந்துக்குக்கூட ஒரு மேகம் இல்லை. நம் ஊரில் காற்று இப்படி அடித்தால் வானம் கறுத்திருக்கும், மண்வாசனை வந்திருக்கும், கொடியில் கிடக்கும் துணியை எடுக்க யாராவது ஓடியிருப்பார்கள். இங்கே பளீர் வெயில், பளீர் நீலம், அதற்குள் இந்தப் பேய்க்காற்று. கண்ணும் காதும் இரண்டு வேறு செய்திகளைச் சொல்கின்றன.

இதற்குப் பெயர் மெல்தெமி. பழைய கிரேக்கர்கள் எட்டீசியன் என்றார்கள், ஆண்டுதோறும் தவறாமல் வருவதால். மே கடைசியில் தலைகாட்டி, ஜூலை, ஆகஸ்டில் உச்சிக்கு ஏறி, செப்டம்பர் நடுவில் ஓய்கிறது.

"தேதியைக் கணக்குப் போட்டுப் பார்" என்றாள் அக்கா.

போட்டேன். ஆடி மாதம். எங்கள் ஊர் ஆரல்வாய்மொழி. அங்கே ஆடியில் அம்மியும் பறக்கும் என்பதை யாரும் பழமொழியாக எடுத்துக்கொள்வதில்லை. கணவாய் வழியே வரும் காற்றுதான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளையும் சுற்றுகிறது. இந்த நேரம் அங்கேயும் இதே கூச்சலாகத்தான் இருக்கும்.

இடப்பக்கம் கியா தீவு மங்கலாகத் தெரிந்தது. அந்தத் தீவின் பழங்கதை ஒன்று: நாய் விண்மீன் எனப்படும் சிரியஸ் உதிக்கும் காலத்தில் தீவுகள் வெந்துபோகின்றன, கொள்ளை நோய் வருகிறது. அரிஸ்டேயஸ் என்பவன் மலையேறி, மழைக்கடவுளான சியூஸுக்கும் சிரியஸுக்கும் பலி கொடுக்கிறான். சியூஸ் மழையை அனுப்பவில்லை. நாற்பது நாள் காற்றை அனுப்புகிறான். இந்தக் கடலை அறிந்தவர்கள் கட்டிய கதை அது. ஜூலையில் மழை கேட்டால் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பாரோஸில் கப்பல் சற்று நேரம் நின்றது. வெள்ளை வீடுகள், காய்ந்த குன்றுகள். 2025 மார்ச் 31 அன்று இதே தீவின் நவூசா தெருக்களில் வெள்ளம் காட்டாறாகப் பாய்ந்து கார்களைக் கடலுக்கு இழுத்துப்போனது என்று இப்போது யாராவது சொன்னால் நம்புவது கடினம். இங்கே மழை குறைவு. ஆனால் வந்தால் தவணை முறையில் வருவதில்லை.

ஆகஸ்ட் 6, ஹோரா

துறைமுகத்துக்குள் நுழையும்போதே ஒரு கதவு நிலை தெரிகிறது: வீடு இல்லாத வாசல். கி.மு. ஆறாம் நூற்றாண்டில் லிக்தாமிஸ் என்ற சர்வாதிகாரி தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் பளிங்கு வாசல், போர்ட்டாரா. சிறு திட்டு ஒன்றில் நிற்கிறது. ஊரிலிருந்து கல் பாதை போகிறது. மாலை அங்கே போனோம். பாதையின் வடபக்கத்தில் அலை மோதித் தெறித்து ஆளை நனைக்கிறது. தென்பக்கத்தில் குழந்தைகள் குளிக்கிறார்கள். நடுவில் சில அடி அகலக் கற்பாதைதான். வாசலுக்குக் கீழே போய் நின்றவர்கள் எல்லாரும் வடக்குப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறார்கள். புகைப்படத்தில் அது ஏதோ பாவனைபோல இருக்கும். நேராக நின்றால் விழுந்துவிடுவோம் என்பதுதான் காரணம்.

ஊருக்குள் திரும்பியதும் காற்று காணாமல்போனது. தீவின் தலைநகரான ஹோராவின் பழைய பகுதி, 1207இல் தீவைப் பிடித்த வெனிஸ்காரன் மார்க்கோ சனுடோ கட்டிய கோட்டையைச் சுற்றிச் சுருண்டு கிடக்கிறது. சந்துகள் இருபது அடிக்கு மேல் நேராகப் போவதில்லை. வீட்டுக்குக் கீழேயே நுழைந்து, வளைந்து, மாடிப்படியில் முடிந்து, மறுபடி தொடங்குகின்றன. கடற்கொள்ளையர் வந்தால் வழி தெரியாமல் திணற வேண்டும் என்பதற்காக என்று வழிகாட்டிப் பலகைகள் சொல்கின்றன. இருக்கலாம். ஆனால் கடற்கொள்ளையர் எப்போதாவதுதான் வந்திருப்பார்கள், காற்று ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. எந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். எல்லாம் தெற்குப் பார்த்தவை.

நாங்கள் தங்கியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். ஆஸ்திரேலியாவில் சில காலம் இருந்தவர், ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறார். வந்தவுடன் சாவியைக் கொடுக்கும் முன் சொன்ன முதல் விஷயம்: "வடக்கு ஜன்னலைத் திறக்காதீர்கள். திறந்தால் நீங்களே மூட முடியாது."

இரவு அக்கா ஜன்னலைத் திறந்தாள். இருவர் சேர்ந்து மூடினோம்.

ஆகஸ்ட் 7, லிவாதி சமவெளி

நக்ஸோஸ் என்றால் கிரேக்கர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது உருளைக்கிழங்கு. ஹோராவுக்குத் தெற்கே லிவாதி சமவெளி முழுக்க வயல்கள். வரப்புதோறும் ஆள் உயரத்துக்கு மேல் நாணல் வேலி. முதலில் ஆட்டுக்கு வேலி என்று நினைத்தோம். இல்லை, காற்றுக்கு. நாணலுக்கு இந்தப் பக்கம் நின்றால் இலை அசைவதில்லை. தலையை மேலே நீட்டினால் மூச்சு முட்டுகிறது.

கிழங்கு இங்கே இரண்டு போகம். குளிர்காலக் கடைசியில் நட்டுக் கோடையின் தொடக்கத்தில் தோண்டுவது ஒன்று. ஆகஸ்டில் நட்டுக் குளிர் வரும்போது எடுப்பது இன்னொன்று. நாங்கள் பார்த்த விவசாயி இரண்டாவதற்கு நிலத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். கொளுத்தும் மாதத்தில், ஒரு துளி மழைக்கும் வழியில்லாத மாதத்தில். எல்லாம் கிணற்று நீர்.

இங்கேதான் அக்காவின் ஒற்றை வரியில் உயிர் வருகிறது. கடலோர ஹோராவில் ஆண்டு மழை ஏறத்தாழ 350 முதல் 400 மில்லிமீட்டர். சென்னையில் பெய்வதில் கால்வாசி. அதுவும் பெரும்பாலும் அக்டோபரிலிருந்து மார்ச்சுக்குள். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றும் சேர்ந்தால்கூட ஒரு நல்ல தூறலுக்குத் தேறாது. வெப்பநிலை பொல்லாதது அல்ல. ஆகஸ்டில் பகல் உச்சம் சராசரியாக 27 டிகிரி அளவுதான். ஏதென்ஸ் வேகும்போது தீவு வேகாமல் இருப்பதற்குக் காற்றுதான் காரணம். ஜனவரியில் 12 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆக, குளிர்ச்சியான காலத்தில்தான் மண்ணுக்கு ஈரம்; செடிக்குத் தாகம் எடுக்கும் காலத்தில் வானம் கை விரித்துவிடுகிறது. நமக்கு மழையும் வெப்பமும் கைகோத்து வருகின்றன, அதனால் நெல். இங்கே அவை ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வதே இல்லை, அதனால் ஆலிவும் திராட்சையும். ஆழமாக வேர்விட்டு, சிறிய தடித்த இலையோடு, கோடையை மூச்சடக்கிக் கடக்கும் மரம் செடிகள். உருளைக்கிழங்கு அந்தக் கூட்டத்தில் சேராது. அதற்குத் தண்ணீர் வேண்டும்.

அந்தத் தண்ணீர்தான் 2024 கோடையில் காலை வாரியது. முந்தைய குளிர்காலங்களில் மழை சரியாகப் பெய்யவில்லை. தீவின் பெரிய நீர்த்தேக்கம் சேறாகிவிட்டது. கிணறுகளில் இறைக்க இறைக்கக் கடல்நீர் உள்ளே கசிந்தது. உப்புத் தண்ணீரில் கிழங்கு விளைச்சல் விழுந்தது. கடல்நீரைக் குடிநீராக்கும் எந்திரங்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அதே நேரம் சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று இறங்கிக்கொண்டிருந்தார்கள். இன்று தார்ச்சாலை ஓரத்தில் ஒரு புது விடுதி பார்த்தேன், அறைக்கு ஒரு நீச்சல் குளம். கடல் நூறு அடி தள்ளி இருக்கிறது. எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது. அக்கா சொன்னாள்: "நீயும் காலையில் இருபது நிமிடம் குளித்தாய்."

மெலானெஸ் பள்ளத்தாக்கின் ஃப்லேரியோ ஊற்றிலிருந்து ஹோரா வரை ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குக் கி.மு. ஆறாம் நூற்றாண்டிலேயே நீர்க்கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். தண்ணீர்க் கவலை இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆகஸ்ட் 8, கடற்கரை

மிக்ரி விக்லாவில் பட்டம் கட்டிய பலகையில் கடலைக் கிழித்துப் போகிறவர்களைப் பார்த்தோம். மெல்தெமியைச் சபிக்காமல் கொண்டாடும் ஒரே கூட்டம். நாங்கள் மணலில் உட்கார முயன்றோம். கணுக்காலில் ஊசி குத்துவதுபோல மணல் அடித்தது. அலிக்கோவின் சூரை (ஜூனிப்பர்) மரங்கள் எல்லாம் தெற்கு நோக்கிப் படுத்தே வளர்ந்திருக்கின்றன. சாந்தோரினித் தீவில் திராட்சைக் கொடியைத் தரையோடு கூடைபோலச் சுற்றி வளர்ப்பதும் இதே காற்றுக்குப் பயந்துதான் என்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொன்னார். பழம் கூடைக்குள் பத்திரமாக இருக்குமாம்.

வேறொன்றும் இல்லை. சாப்பாட்டில் மணல்.

ஆகஸ்ட் 9, மலைப்பக்கம்

இன்று நல்ல நாள். ஹால்கி வழியாக ஃபிலோட்டிக்கு பஸ். ஏற ஏறக் காட்சி மாறுகிறது. கடற்கரையில் இருந்த காய்ந்த முள்ளும் பாறையும் போய், திராகேயா பள்ளத்தாக்கில் ஆலிவ் தோப்பு அலையலையாக விரிகிறது. இடையிடையே சிறு கல் தேவாலயங்கள். இதே சிக்லாடிஸ் தீவுக்கூட்டத்தின் மிக்கோனோஸில் மிக உயர்ந்த குன்றே 400 மீட்டரைத் தொடாது; அது மொட்டையாகவே கிடக்கிறது. நக்ஸோஸின் ஸாஸ் மலை ஆயிரம் மீட்டரைத் தாண்டுகிறது, இந்தத் தீவுக்கூட்டத்திலேயே உயரம் அதுதான். குளிர்காலத்தில் ஈரக்காற்று வந்து அந்தச் சுவரில் முட்டி மேலேறிக் குளிர்ந்து மழையாகிறது. மலையூர்களுக்குக் கடற்கரையைவிடக் கூடுதல் மழை. தீவு என்றால் ஆடு மட்டும்தான் என்ற வழக்கத்தை மீறி இங்கே பசு வளர்க்கிறார்கள். கிராவியேரா என்ற பாலாடைக்கட்டி பெரும்பாலும் பசும்பாலில்தான். மலை இல்லாவிட்டால் புல் இல்லை, புல் இல்லாவிட்டால் இதெல்லாம் இல்லை.

ஸாஸ் என்பது சியூஸ்தான். சியூஸ் இங்கே வளர்ந்தான் என்பது தீவின் கதை. மலைப்பாதையில் ஒரு பாறையில் பழைய எழுத்து வெட்டியிருக்கிறது: மந்தைகளைக் காக்கும் சியூஸின் மலை என்று பொருள். மேகங்களைத் திரட்டுகிறவனுக்கு ஆடு மேய்ப்பவர்கள் கொடுத்த உத்தியோகம். மலை உச்சியில் வெள்ளையாக ஒரு மேகம் உட்கார்ந்திருந்தது. தீவு முழுக்க வானம் துடைத்த மாதிரி. அங்கே மட்டும் ஒரு தொப்பி. காற்று அதை அடித்துக்கொண்டு போகவில்லையே என்று வியந்தேன். அது நிற்கவில்லை, வடபக்கத்தில் பிறந்து தென்பக்கத்தில் கரைந்துகொண்டே இருக்கிறது என்று அக்கா காட்டினாள். சற்று நேரம் பார்த்தால் தெரிகிறது. ஆனால் ஒரு சொட்டு விழவில்லை.

உச்சிக்குப் போகவில்லை, அக்காவின் முழங்கால் ஒப்பவில்லை. அரியோன் ஊற்று வரை நடந்தோம். ஆகஸ்டிலும் தண்ணீர் வருகிறது, பல் கூசும் குளிர்ச்சி. திரும்பி வந்து ஃபிலோட்டி சதுக்கத்தின் பெரிய பிளேன் மரத்தடியில் உட்கார்ந்து, கிட்ரோன் கேட்டேன். நார்த்தை இனத்து மரத்தின் இலையை ஊறவைத்துக் காய்ச்சிய சாராயம். ஹால்கியில் 1896 முதல் காய்ச்சுகிறார்கள். அக்கா எலுமிச்சைச் சாறு.

"மேலே போன காற்று ஏன் மழையாக மாறவில்லை?" என்று கேட்டேன். அதற்காகவே காத்திருந்தவள்போலக் காகிதக் கைத்துண்டை விரித்துப் பேனாவை எடுத்தாள்.

அவள் வரைந்தது இதுதான். வலது ஓரத்தில் இந்தியா. கோடையில் அதன் வடமேற்கு, பாகிஸ்தான் பக்கம் நிலம் கொதித்துப் பெரிய தாழ்வழுத்தம் உண்டாகிறது. அது அங்கேயே நிற்பதில்லை. பாரசீக வளைகுடா, இராக் வழியாக மேற்கே நாக்கை நீட்டித் துருக்கி வரை வந்துவிடுகிறது. இடது ஓரத்தில் பால்கன் நாடுகள். அங்கே உயர் அழுத்தம். வட அரைக்கோளத்தில் தாழ்வழுத்தத்தைச் சுற்றிக் காற்று இடப்புறமாகச் சுழலும். சுழற்சியின் தென்புறத்தில், அரபிக்கடலில், அது தென்மேற்குப் பருவக்காற்று. சுழற்சியின் மேற்குக் கோடியில், ஈஜியன் கடலில், அது வடகாற்று. மெல்தெமி.

"ஆரல்வாய்மொழியில் வீசுவதும் இங்கே வீசுவதும் ஒரே சக்கரத்தின் இரண்டு விளிம்பு" என்றாள்.

மழைக்கு இன்னொரு பாதி. நம் பக்கத்தில் பருவமழையில் காற்று திரள் திரளாக மேலே எழுகிறது. மழையாகும்போது நீராவி விடும் வெப்பம் மேல்வளிமண்டலத்தைக் கிளறி, மேற்குத் திசையில் அலையாகப் பரவுகிறது. எழுந்ததற்கு ஈடாக எங்காவது இறங்க வேண்டும். கிழக்கு மத்திய தரைக்கடல் அப்படி இறங்கும் இடங்களில் ஒன்று. இறங்கும் காற்று அழுந்திச் சூடாகி உலர்கிறது. கீழே எத்தனை மேகம் பிறந்தாலும் மேலே வளர விடாமல் மூடி போட்டுவிடுகிறது. ராட்வெல், ஹாஸ்கின்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1996இல் கணினி மாதிரி வைத்து இதைக் காட்டினார்கள். இந்தியப் பருவமழை வலுப்பதும் இந்தக் கடலின் கோடை உலர்வதும் தொடர்புடையவை என்பது அதன் சாரம்.

குற்றாலத்தில் சாரல் விழுவதற்கும் நக்ஸோஸில் விழாததற்கும் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இதைப் பக்கத்து மேசை விவசாயியிடம் சொல்லலாமா என்று கேட்டேன். "மழையை நாங்கள்தான் எடுத்துக்கொள்கிறோம் என்று அவரிடம் போய்ச் சொல்வாயா? பேசாமல் குடி" என்றாள்.

மாலை அபிராந்தோஸ். பளிங்கு பாவிய தெருக்கள். இங்குள்ளவர்கள் தலைமுறைகளாகச் சாணைக்கல் வெட்டி, கம்பிவழிப் பெட்டிகளில் முட்சூனா துறைமுகத்துக்கு இறக்கியவர்கள். ஆகஸ்டிலும் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. சில குளிர்காலங்களில் பனி விழுமாம். கடைக்காரர் கைப்பேசியில் படம் காட்டினார்: வெள்ளைத் தெரு, வெள்ளைக் கழுதை. 2022 ஜனவரியில் மிக்கோனோஸ் கடற்கரை மணலிலேயே பனி கிடந்ததைச் செய்தியில் பார்த்த நினைவு.

ஆகஸ்ட் 10, ஹோரா

காலையில் துறைமுகத்தில் ஒரே சலசலப்பு. காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவில் எட்டு வரை போகும் என்று முன்னறிவிப்பு. அதாவது மணிக்கு 62 கிலோமீட்டருக்கு மேல். வேகப்படகுகள் அனைத்தும் ரத்து. பெரிய கப்பல்களுக்கும் தடை வரலாம் என்றார்கள். பத்து மணிக்கு வந்தது. கப்பல் தடையைக் குறிக்கும் 'அபகோரெஃப்திகோ' என்ற சொல்லைக் கேட்டவுடன் உள்ளூர்க்காரர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நிதானமாகக் காப்பிக் கடைக்குத் திரும்புகிறார்கள். வெளிநாட்டவர்கள் சாளரத்தில் இருக்கும் பெண்ணிடம் கத்துகிறார்கள், அவர்தான் காற்றை விட்டதுபோல. நாங்கள் இன்று எங்கும் போக வேண்டியதில்லை என்பதால் பெருந்தன்மையோடு வேடிக்கை பார்த்தோம்.

இந்தக் காற்றில் மாட்டிக்கொண்டவர்களின் பட்டியலில் பெரிய பெயர்கள் உண்டு. கி.மு. 351 வாக்கில் ஏதென்ஸ் பேச்சாளர் டெமோஸ்தனிஸ் தன் ஊர்க்காரர்களை எச்சரித்தார்: மாசிடோனியாவின் பிலிப் மன்னன் நாள் பார்த்துத் தாக்குகிறான், நம் கப்பல்கள் வடக்கே போக முடியாத எட்டீசியன் காற்றுக் காலத்திலும் குளிர்காலத்திலும். கி.மு. 48இல் ஜூலியஸ் சீசர் அலெக்சாண்ட்ரியாவில் தங்க நேர்ந்ததற்கு அவரே சொன்ன காரணமும் இதே காற்று. கிளியோபாட்ராவும் அங்கேதான் இருந்தாள் என்பதால் காற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்று அக்காவுக்குச் சந்தேகம்.

எதிர்த்துப் போகிறவனுக்குத்தான் இது தடை. கூடப் போகிறவனுக்கு இலவச வண்டி. முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி, இந்தியாவுக்குப் போகும் வழியை நாள் கணக்கோடு சொல்கிறார். அலெக்சாண்ட்ரியாவிலிருந்து நைல் நதியில் தெற்கே, ஆற்றோட்டத்துக்கு எதிராக, இந்த எட்டீசியன் காற்று தள்ள கோப்டோஸ் வரை பன்னிரண்டு நாள். அங்கிருந்து ஒட்டகத்தில் பாலைவனம் தாண்டிச் செங்கடல் துறைமுகம் பெரெனிகே, இன்னொரு பன்னிரண்டு நாள். சிரியஸ் உதிக்கும் நாளை ஒட்டிப் பாய்மரம் விரித்தால், செங்கடல் வாயில் ஒசெலிஸுக்கு முப்பது நாள். அங்கிருந்து தென்மேற்குப் பருவக்காற்றில் நாற்பது நாளில் சேரநாட்டு முசிறி. மிளகு ஏற்றிக்கொண்டு டிசம்பரில் நம் வாடைக்காற்றில் திரும்புவார்கள். அக்கா கைத்துண்டில் வரைந்த சக்கரத்தின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புக்கு, அதன் காற்றைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார்கள். மேல்வளிமண்டலம், அழுத்தம் எதுவும் தெரியாமல், இரண்டும் ஒரே பருவத்தில் வீசுகின்றன என்பது மட்டும் தெரிந்து.

மதியம் எல்லாருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியது. 112 அவசர எச்சரிக்கை: காட்டுத்தீ அபாயம், வெளியில் தீ மூட்டாதீர்கள். காய்ந்த புதர், வெயில், இந்தக் காற்று. ஒரு பொறி போதும். 2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் தீ பரவி ஏறத்தாழ 19,000 பேரை வெளியேற்றினார்கள். அதுவரை அந்தக் காற்றின் மேல் எனக்கு ஒரு செல்லம் இருந்தது. அந்த அலறலுக்குப் பிறகு கொஞ்சம் குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 11

இன்றும் தடை. காற்றைத் தவிர எழுத ஒன்றும் இல்லை, காற்றைப் பற்றி எழுதி அலுத்துவிட்டது. இரவெல்லாம் எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 12, ஹோரா

விடியற்காலையில் விழித்துக்கொண்டேன், சத்தம் இல்லாததால். காற்று விழுந்துவிட்டது. ஒன்பது மணிக்குள் வியர்த்துக் கொட்டியது. பதினொரு மணிக்கு அக்கா, "இதற்கு அதுவே தேவலை" என்றாள். இத்தனை நாள் எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது யார் என்று அப்போது புரிந்தது. கடல் மட்டும் சுகம், 24 டிகிரி இருக்கும். எல்லாரும் அதற்குள்தான் கிடந்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தைய நாள் என்று வீட்டுக்காரம்மா காப்பிக்கு அழைத்திருந்தார். மேசை மேல் ஒரு பழைய நாட்காட்டி. ஆகஸ்ட் ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒவ்வொரு கட்டத்திலும் பென்சில் குறிப்பு. மெரோமீனியா என்றார். ஆகஸ்டின் முதல் பன்னிரண்டு நாள், வரும் ஆண்டின் பன்னிரண்டு மாதங்களுக்குச் சான்று. அன்று எந்தத் திசைக் காற்று, எங்கே மேகம், காலையில் ஈரம் இருந்ததா என்று பார்த்து, அந்தந்த மாதம் எப்படி இருக்கும் என்று கணிப்பது. கிரேக்கம் முழுக்க இந்தப் பழக்கம் உண்டு. எந்த நாளில் தொடங்குவது என்பதில் ஊருக்கு ஊர் சண்டையும் உண்டு. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. மார்கழியில் கர்ப்போட்ட நாட்களில் மேகம் பார்த்து அடுத்த ஆண்டு மழையைக் கணிக்கிற நம் விவசாயிகளைப் பற்றி அவருக்குச் சொன்னாள். விஞ்ஞானப்படி இரண்டுக்கும் ஆதாரம் இல்லை என்று சொல்ல வேண்டியவள் அந்த வரியை விழுங்கிவிட்டதைக் கவனித்தேன்.

"ஸாஸ் மேல் மேகம் இருந்ததே, அது எந்த மாதம்?" என்று கேட்டேன்.

"ஒன்பதாம் தேதியா?" கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டத்தைப் பார்த்தார். "ஏப்ரல். என் அம்மா வைத்த கணக்கில் மே." ஏப்ரலில் மழை பெய்தால் கிழங்குக்கு நல்லது என்றார். அல்லது ஆப்பிரிக்கத் தூசி. வசந்தத்தில் தெற்கிலிருந்து லீவாஸ் காற்று சகாராப் புழுதியை அள்ளிவந்து வெள்ளைச் சுவர்களையெல்லாம் செம்மண் நிறமாக்கிவிடும். 2024 ஏப்ரலில் ஏதென்ஸ் வானமே ஆரஞ்சாகிப் போனது. கூடவே மழை வந்தால் சேறு மழை. சுண்ணாம்பு அடித்த மறு வாரம் அது வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டு, பதிலை அவரே கிரேக்கத்தில் சொல்லிக்கொண்டார்.

அப்படியானால் எந்த மாதம் வருவது நல்லது என்று கேட்டோம். சுற்றுலாப் புத்தகங்கள் மே, செப்டம்பர் பின்பாதி என்கின்றன. மே மாதம் மலையெல்லாம் பூ, செப்டம்பரில் காற்று அடங்கிக் கடல் இன்னும் வெதுவெதுப்பு. நானும் அதைத்தான் சொல்வேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஜனவரி என்றார். நடுக்குளிர்காலத்தில் சில நாள் காற்று நின்று வெயில் அடிக்கும், சட்டை மட்டும் போட்டுக்கொண்டு வாசலில் உட்காரலாம். காற்றரசன் ஏயோலஸின் மகள் அல்கியோனி மீன்கொத்தியாக மாறி முட்டையிடுகிற நாட்கள். மகளுக்காக அப்பன் காற்றைக் கட்டிப்போடுகிறான்.

"ஆனால் கடை திறந்திருக்காது, கப்பலும் எப்போதாவதுதான்" என்றார். "அந்த நாட்கள் எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. சில வருடம் வருவதே இல்லை."

அக்கா உடனே ஜனவரிக் கப்பல் அட்டவணையைத் தேடத் தொடங்கிவிட்டாள். நாளைக் காலை ஒன்பதரைக்கு எங்கள் கப்பல். இரண்டு நாள் தேங்கிய கூட்டம் முழுவதும் அதில்தான் ஏறப்போகிறது. எட்டு மணிக்கே போய் நிற்க வேண்டும்.